இரவல் பெயர்கள்: ஹெடர் கோப்புகளின் ஐம்பதாண்டுக் கதை

2008 மார்ச் 5ஆம் தேதி ஜிசிசி கம்பைலரின் 4.3 பதிப்பு வெளியானது. லினக்ஸ் உலகின் பெரும்பாலான மென்பொருள்கள் அந்தக் கம்பைலரை நம்பியே இருந்ததால், டெபியன் திட்டம் வெளியீட்டு நாள்வரை காத்திருக்கவில்லை. சோதனைப் பதிப்பு கைக்கு வந்ததுமே, அத்திட்டத்தின் முன்னாள் தலைவர் மார்ட்டின் மிஷெல்மயர் களஞ்சியத்திலிருந்த மூலநிரல் தொகுப்புகளை வரிசையாகக் கம்பைல் செய்து பார்க்கத் தொடங்கினார். ஏராளமான தொகுப்புகள் தோற்றன. அவற்றில் மிகப் பெரிய கூட்டம் ஒரே ரகம். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. முந்தைய பதிப்பில் சத்தமில்லாமல் கம்பைல் ஆனதுதான். புதிய பதிப்போ ‘ஸ்டர்லென் என்ற பெயர் இங்கே அறிவிக்கப்படவில்லை’, ‘மெம்காப்பி அறிவிக்கப்படவில்லை’ என்று நின்றுவிட்டது. திருத்தம் ஒரே வரி: கோப்பின் தலையில் சிஸ்ட்ரிங் என்ற ஹெடரை, அதாவது அந்தப் பெயர்களை அறிவிக்கும் கோப்பை, சேர்க்க வேண்டும்.

முந்தைய பதிப்பில் அந்த வரி ஏன் தேவைப்படவில்லை? அங்கே ஸ்ட்ரிங் என்ற ஹெடர் தன் சொந்த வேலைக்காக சிஸ்ட்ரிங்கையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ரிங்கை மட்டும் சேர்த்தவருக்கு ஸ்டர்லென்னும் மெம்காப்பியும் கேட்காமலே கிடைத்தன. கம்பைல் ஆகும் நேரத்தைக் குறைப்பதற்காக 4.3 பதிப்பில் நூலகப் பொறியாளர்கள் தேவையற்ற உள்ளிழுப்புகளைக் களைந்தார்கள். இரவலாக வந்த பெயர்கள் அன்றோடு நின்றன.

கம்பைலர் புதுப்பித்தவுடன் தலைதூக்கும் ஹெடர் சிக்கல்களில் பெரும்பான்மைக்கு இதுதான் வேர். பழி புதிய பதிப்பின் மேல் விழுகிறது. தவறோ பல ஆண்டுகளுக்கு முன்பே நிரலில் உட்கார்ந்திருக்கிறது.

ஹெடர் என்ற வழக்கம் பிறந்த இடம் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகம். 1972, 73 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிக்கொண்டிருந்த சி மொழிக்கு ப்ரீபிராசசர் பின்னர் வந்து சேர்ந்த உறுப்பு. அதைச் சேர்க்கும்படி ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தினார். பிசிபிஎல், பிஎல்/1 ஆகிய மொழிகளில் ஒரு கோப்பை இன்னொரு கோப்புக்குள் சேர்க்கும் வசதி எவ்வளவு பயன்பட்டது என்பதும் ரிட்சிக்குத் தெரிந்திருந்தது. முதல் வடிவம் மிக எளிமையானது. கோப்பைச் சேர்க்க #இன்க்ளூட், சொல்லை மாற்றி வைக்க #டிஃபைன், அவ்வளவுதான். பிறகு மைக் லெஸ்க்கும் ஜான் ரைசரும் அதை வளர்த்தார்கள். அந்த நாட்களில் கோப்பின் முதல் எழுத்தே # ஆக இருந்தால்தான் ப்ரீபிராசசர் வேலைக்கு இறங்கும். இல்லையென்றால் கம்பைலர் அதைக் கூப்பிடாமலே தாண்டிப் போகும். 1975இல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னல் நிரலைத் திறந்தால் பாரம்.எச், யூசர்.எச் என்று மேல் அடைவிலிருந்து சேர்க்கப்பட்ட சின்னஞ்சிறு கோப்புகளைப் பார்க்கலாம். எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான மாறிலிகளும் ஸ்ட்ரக்சர்களும் அவற்றில் இருந்தன.

ப்ரீபிராசசருக்கு மொழி தெரியாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். #இன்க்ளூட் வரியைக் கண்ட இடத்தில் அந்தக் கோப்பின் எழுத்துகளை அப்படியே கொட்டிவிட்டு அது நகர்ந்துவிடும். எந்தப் பெயர் யாருடையது, யார் வழியாக வந்தது என்ற கணக்கை அது வைப்பதில்லை. இன்றைக்கு ஐஓஸ்ட்ரீமை மட்டும் சேர்த்த ஐந்து வரி நிரல்கூட ப்ரீபிராசசரைத் தாண்டும்போது பல்லாயிரம் வரிகளாகிவிடுகிறது. அந்தப் பெருக்கில் எதை வேண்டிச் சேர்த்தோம், எது தானாக வந்து ஒட்டியது என்று பிரித்தறிய நிரலருக்கும் வழியில்லை; கம்பைலரும் கேட்பதில்லை.

பழைய சி மொழி இன்னொரு சலுகையையும் தந்தது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அது முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் தானாகவே முடிவுகட்டிக்கொள்ளும். அதனால் ஹெடரை மறந்தாலும் நிரல் ஓடியது. 1989இல் வந்த ஆன்சி தரம் ஃபங்ஷன்களுக்கு முழு அறிவிப்பு எழுதும் முறையைக் கொண்டுவந்தது. ஹெடர்களின் எண்ணிக்கையை 15 என்று வரையறுத்தது. ஆனால் பழைய சலுகையை அது பறிக்கவில்லை.

தரம் காகிதத்தில் வந்துவிட்டது. கணினி விற்ற நிறுவனங்களின் யூனிக்ஸ் ஹெடர்கள் அதற்கேற்ப மாறவில்லை. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி இந்த முரண்பாட்டை நேருக்கு நேர் சந்தித்தது. வேறு நிறுவனத்தின் கோப்பைத் திருத்த உரிமையில்லை. திருத்தாமல் விட்டால் கம்பைல் ஆகாது. அதற்கு ஜிசிசி கண்ட வழி ஃபிக்ஸ்இன்க்ளூட்ஸ். கம்பைலரை நிறுவும்போதே அது கணினியின் ஹெடர்களை ஒரு முறை அலசும். பிழையுள்ளவற்றைத் தனக்கென ஓர் அடைவில் நகலெடுத்து, நகலில் மட்டும் திருத்தம் செய்துகொள்ளும். அதன்பின் கம்பைல் நடக்கும்போது மூலக் கோப்புக்கு முன்னால் நகல்தான் கண்ணில் படும்.

சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் இயங்குதளத்தைப் புதுப்பித்தால் மூலக் கோப்பு மாறிவிடும், நகல் பழையதாகவே கிடக்கும். புதிய நூலகம் ஒன்றைச் சொல்ல, பழைய நகல் வேறொன்றைச் சொல்லும். ஜிசிசியின் கையேடு இதற்காகவே எம்கேஹெடர்ஸ் என்ற கருவியை மறுபடி ஓட்டச் சொல்கிறது. பழைய சோலாரிஸ், எச்பி-யூஎக்ஸ் கணினிகளைப் பராமரித்தவர்களுக்கு இது பழகிப்போன சடங்கு.

சி++ வந்ததும் கதை வேறு தளத்துக்குப் போனது. பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் அதே பெல் ஆய்வகத்தில் 1979இல் தொடங்கிய மொழி அது. அதன் உள்ளீட்டு வெளியீட்டு நூலகத்துக்கு ஐஓஸ்ட்ரீம்.எச் என்ற ஹெடர் வாசலாக இருந்தது. 1998இல் பன்னாட்டுத் தரம் வெளியானபோது குழு ‘.எச்’ வாலை நீக்கி, ஐஓஸ்ட்ரீம் என்று மட்டும் பெயர் வைத்தது. நூலகப் பெயர்கள் அனைத்தையும் எஸ்டிடி என்ற பெயர்வெளிக்குள் அடைத்தது. பழைய கோப்பும் புதிய கோப்பும் ஒரே கணினியில் மோதாமல் இருக்கலாம் என்பது இதனால் கிடைத்த வசதி. எனவே, பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடமாக எழுதிய ஐஓஸ்ட்ரீம்.எச் எந்தப் பன்னாட்டுத் தரத்திலும் ஒருநாளும் இடம்பெற்றதில்லை.

தரம் வந்த மறுநாளே கம்பைலர்கள் மாறிவிடவில்லை. 1999இல் வந்த ஜிசிசி 2.95 எஸ்டிடி பெயர்வெளியைப் பெயரளவுக்கே மதித்தது. எஸ்டிடி என்று எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, சிஅவுட் வேலை செய்தது. 2001 ஜூனில் ஜிசிசி 3.0 வந்தது. நூலகம் புதிதாக எழுதப்பட்டிருந்தது, பெயர்வெளி கண்டிப்பானது. எஸ்டிடி இல்லாத நிரல்கள் மொத்தமாக விழுந்தன. ஐஓஸ்ட்ரீம்.எச்சை மட்டும் ‘பேக்வர்ட்’ என்ற துணை அடைவில் வைத்து, சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இது காலாவதியான ஹெடர் என்று எச்சரிக்கை அச்சிட்டார்கள். கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் அந்த எச்சரிக்கை திரையில் ஓடியது. 2008இல் 4.3 பதிப்பு அந்தக் கோப்பையே எடுத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே, விஷுவல் சி++ 2003 பதிப்பில், அதைக் கைவிட்டிருந்தது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் வகுப்பறை வழியாக வந்து சேர்ந்தது. போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி++, பன்னாட்டுத் தரத்துக்கு முந்தைய டாஸ் காலத்துக் கம்பைலர். அதன் நீலத் திரையில்தான் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களும் மேல்நிலைப் பள்ளிகளும் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தின. பழைய பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் நிரல்கள் ஐஓஸ்ட்ரீம்.எச், கோனியோ.எச் என்ற இரண்டு ஹெடர்களோடு தொடங்கும். ‘வாய்ட் மெயின்’ வரும். திரையைத் துடைக்கும் கிளர்ஸ்கர் வரும். 64 பிட் விண்டோஸ் அந்தப் பதினாறு பிட் கம்பைலரை ஏற்க மறுத்தபோதும், டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் அதை ஓட்டிப் பாடம் தொடர்ந்தது.

அப்படிப் படித்தவர் லினக்ஸ் கணினியில் ஜிசிசியிடம் அதே நிரலைக் கொடுத்தால் முதல் இரண்டு வரிகளே தேறாது. ஐஓஸ்ட்ரீம்.எச் தரத்துக்கு முந்தையது; கோனியோ.எச் டாஸ் கம்பைலர்களின் சொந்தச் சரக்கு. 2018இல் புதிய பாடத்திட்டம் வந்து, பதினொன்றாம் வகுப்பு டெவ் சி++ மென்பொருளுக்கு மாறியது. அதன் உள்ளே இருப்பது விண்டோஸுக்கான ஜிசிசி. அங்கே கோனியோ.எச் உண்டு, கெட்ச்சும் உண்டு. கிளர்ஸ்கர் மட்டும் இல்லை. ஹெடரின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளடக்கம் கம்பைலருக்குக் கம்பைலர் வேறு என்பதற்கு நம் மாணவர்கள் கண்ட நேரடிச் சான்று அது.

ஜிசிசி 4.3க்குத் திரும்புவோம். அங்கே நடந்தது சட்டப்படி சரிதானா? சரிதான். சி தரத்தில் ஒவ்வொரு ஹெடரும் தன் பெயர்களை மட்டுமே வெளிக்காட்ட வேண்டும். சி++ தரமோ, ஒரு நூலக ஹெடர் மற்ற ஹெடர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதித்துவிட்டு, எது எதைச் சேர்க்கும் என்பதைப் பெரும்பாலும் நூலகம் எழுதுபவரிடமே விட்டுவிட்டது. ஆகவே, ஸ்ட்ரிங் வழியாக ஸ்டர்லென் கிடைக்கும் என்று யாரும் எங்கும் எழுதிக் கொடுத்ததில்லை. கிடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

4.3 வெளியீட்டோடு ஜிசிசி குழு ‘போர்ட்டிங் கையேடு’ ஒன்றையும் வெளியிட்டது. எந்தப் பெயருக்கு எந்த ஹெடர் என்ற பட்டியல் அதில் இருந்தது. அன்றிலிருந்து ஏறத்தாழ ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் அப்படி ஒரு பக்கம் உண்டு. அவற்றில் ஹெடர் பகுதி திரும்பத் திரும்ப வருகிறது. 2012இன் 4.7 பதிப்பில் யூனிஎஸ்டிடி.எச் இரவல் நின்றது. 2021இன் 11ஆம் பதிப்பில் லிமிட்ஸ், மெமரி, யுட்டிலிட்டி போன்ற ஹெடர்கள். 2023 ஏப்ரலில் வந்த 13ஆம் பதிப்பில் சிஎஸ்டிடின்ட். 32 பிட் முழு எண் வகையைக் கேட்காமலே பயன்படுத்திவந்த எத்தனையோ திட்டங்கள் அன்று அந்த ஒரு வரியைத் தேடிச் சேர்த்தன.

எல்லாச் சிக்கலும் இரவல் பெயர் அல்ல. தேடும் வரிசை குலைவதும் உண்டு. 2016இல் வந்த ஜிசிசி 6 இதற்கு நல்ல உதாரணம். அதில் சி++ நூலகம் எஸ்டிடிலிப்.எச் என்ற பெயரில் தனக்கென ஓர் உறைக்கோப்பை வைத்தது. அந்த உறை ‘தேடும் வரிசையில் எனக்கு அடுத்து வரும் எஸ்டிடிலிப்.எச்சைக் கொண்டுவா’ என்று கேட்கும். அதற்கு #இன்க்ளூட்_நெக்ஸ்ட் என்ற சிறப்புக் கட்டளை உண்டு. வழக்கமான வரிசையில் சி++ அடைவு முன்னால், /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் பின்னால். உறைக்கு அடுத்து உண்மையான கோப்பு கிடைத்துவிடும். ஆனால் பல கட்டமைப்புக் கருவிகள் ‘-ஐசிஸ்டம்’ ஆப்ஷன் வழியாக /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்டை வரிசையின் முன்னால் தூக்கி வைத்திருந்தன. அப்போது உண்மையான கோப்பு உறைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. உறைக்கு ‘அடுத்து’ தேடினால் அங்கே ஒன்றுமில்லை. எஸ்டிடிலிப்.எச் கணினியில் பத்திரமாக இருக்கும்போதே ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று கம்பைலர் சாதித்தது. அந்த ஆப்ஷனை எடுத்ததும் தீர்ந்தது.

ஆப்பிளின் மேக் கணினிகளில் அடைவே இடம்பெயர்ந்தது. 2018இல் வந்த மொஹாவி பதிப்பில் கட்டளைவரிக் கருவிகளை நிறுவினாலும் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் உருவாகவில்லை. ஹெடர்கள் எஸ்டிகே தொகுப்புக்குள் போய்விட்டன. பழைய இடத்தில் வைக்க ஆப்பிள் தற்காலிகமாக ஒரு தனிப் பொதி கொடுத்தது. அடுத்த ஆண்டு கேட்டலினாவில் அதுவும் இல்லை. விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ 2015 இதே போல எஸ்டிடிஐஓ.எச் முதலிய சி ஹெடர்களைக் கம்பைலரின் அடைவிலிருந்து விண்டோஸ் எஸ்டிகேவுக்கு மாற்றியது.

இன்னும் நுட்பமான கோளாறு ஒன்று உண்டு. நிரல்களைக் கட்டும் ‘மேக்’ (make) என்ற கருவியைப் பயன்படுத்தும் திட்டங்களில் எந்தக் கோப்பு எந்த ஹெடரை நம்பியிருக்கிறது என்ற பட்டியலைக் கம்பைலரே எழுதித் தரும். அந்தப் பட்டியலில் கம்பைலரின் சொந்த ஹெடர்களின் முழு முகவரியும் பதிவாகலாம். முகவரியில் பதிப்பு எண்ணும் இருக்கும். கம்பைலரைப் புதுப்பித்ததும் பழைய எண் கொண்ட அடைவு காணாமல் போகிறது. மேக் கருவி அந்தப் பழைய முகவரியிலுள்ள எஸ்டிடிடெஃப்.எச்சை ‘உருவாக்க வழி தெரியவில்லை’ என்று கைவிரிக்கிறது. இங்கே நிரலிலும் குறையில்லை, கம்பைலரிலும் குறையில்லை. கட்டமைப்பு அடைவைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டினால் சரியாகிவிடும்.

பிழைச் செய்தியே பாதி வழியைக் காட்டிவிடும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. ‘கோப்பு இல்லை’ என்றால் இடமோ தேடும் வரிசையோ மாறியிருக்கிறது. ‘பெயர் அறிவிக்கப்படவில்லை’ என்றால் இரவல் நின்றிருக்கிறது. ‘முன்பே வேறு விதமாக அறிவிக்கப்பட்டது’ என்றால் இரண்டு தலைமுறை ஹெடர்கள் கலந்திருக்கின்றன, அல்லது பழைய கம்பைலரில் இல்லாத வசதியை நிரலர் தானே எழுதிவைக்க, புதியது அதே பெயரில் அதைக் கொண்டுவந்திருக்கிறது. கருவிகளும் உண்டு. ஜிசிசியிடம் சிறிய ‘-வி’ கொடுத்தால் ஹெடர்களை எந்தெந்த அடைவில், எந்த வரிசையில் தேடுகிறது என்று அச்சிடும். பெரிய ‘-எச்’ கொடுத்தால் எந்த ஹெடர் எதை இழுத்தது என்ற மரத்தைப் புள்ளிகளால் உள்தள்ளிக் காட்டும். பெரிய ‘-இ’ ப்ரீபிராசசர் முடித்த முழு வடிவத்தைக் கொடுக்கும். பழைய, புதிய கம்பைலர்கள் இரண்டிலும் ‘-எச்’ மரத்தை எடுத்து ஒப்பிட்டால் எந்தக் கிளை வெட்டப்பட்டது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

சி மொழியின் பழைய சலுகைக்கு என்ன ஆயிற்று? 1999ஆம் ஆண்டுத் தரம் அதை நீக்கியது. நிரல்கள் ஏராளமாக விழுந்துவிடும் என்று அஞ்சிய ஜிசிசி எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது. 64 பிட் கணினிகள் பரவியபோது அந்தத் தயவின் விலை தெரிந்தது. முகவரியைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை அதன் ஹெடர் சேர்க்காமல் கூப்பிட்டால், அது முழு எண் தருகிறது என்று கம்பைலர் எண்ணிக்கொள்ளும். 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்படும். நிரல் ஓடும்போது எங்கோ ஓரிடத்தில் சரியும். கடைசியில் 2023இல் கிளாங் என்ற மற்றொரு கம்பைலரின் 16ஆம் பதிப்பு, 2024 மே மாதத்தில் ஜிசிசி 14 ஆகியவை அதை முழுப் பிழையாக்கின. தரம் சொன்னதற்கும் ஜிசிசி அதைக் கண்டிப்பாக்கியதற்கும் இடையே 25 ஆண்டுகள்.

அந்த மாற்றத்தில் ஆபத்தான இடம் பிழைச் செய்தி வராத இடம். பல திட்டங்களில் ‘கன்ஃபிகர்’ என்ற ஸ்கிரிப்ட், சிறு சிறு சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து கணினியில் என்ன வசதி உண்டு என்று கண்டுபிடிக்கும். அந்தச் சோதனை நிரல்களே ஹெடர் சேர்க்காமல் எழுதப்பட்டவை. புதிய கம்பைலரில் அவை தோற்றால், ஸ்கிரிப்ட் ‘இந்த வசதி இந்தக் கணினியில் இல்லை’ என்று தவறாக முடிவுகட்டி, அதைக் கழற்றிவிட்டுப் பேசாமல் மேலே போகும். கட்டமைப்பு வெற்றி, மென்பொருள் ஊனம். இதை முன்கூட்டியே பிடிக்க ஃபெடோரா திட்டத்தின் பொறியாளர்கள் இத்தகைய பிழைகளைப் பதிவுசெய்யும்படி மாற்றிய கம்பைலரால் தங்கள் தொகுப்புகளைக் கட்டிப் பார்த்து, பாதிக்கப்பட்டவற்றை வெளியீட்டுக்கு முன்பே திருத்தினார்கள்.

நிரந்தரத் தீர்வுக்கான முயற்சிகளும் நடக்கின்றன. கூகுளில் உருவான ‘இன்க்ளூட் வாட் யூ யூஸ்’ கருவி, ஒவ்வொரு கோப்பும் பயன்படுத்தும் பெயர்களைக் கணக்கெடுத்து, சேர்க்க வேண்டிய ஹெடரையும் நீக்க வேண்டிய ஹெடரையும் பட்டியலிடுகிறது. 2022 ஜனவரியில் இங்கோ மோல்னார் லினக்ஸ் கெர்னலின் ஹெடர் சிக்கலை அவிழ்க்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களை முன்வைத்தார். சிக்கல் எவ்வளவு ஆழம் என்பதற்கு அந்த எண்ணிக்கையே போதும். சி++20 தரம் எழுத்துகளைக் கொட்டும் முறைக்கு மாற்றாக மாட்யூல்களைக் கொண்டுவந்தது. ஆனால் உலகில் ஓடிக்கொண்டிருக்கும் சி, சி++ நிரல்களில் பெரும்பகுதி இன்னும் #இன்க்ளூட் வரிகளை நம்பித்தான் இருக்கிறது.

2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15இன் போர்ட்டிங் கையேட்டிலும் ஹெடர் பகுதி இருக்கிறது. கம்பைலரைப் புதுப்பிக்கும் முன் அந்தப் பக்கத்தை வாசித்துவிடுவது நல்லது. பழைய பதிப்பிலேயே தங்கிவிடுவதும், சூழல் மாறிகளில் அடைவு முகவரிகளைத் திணித்து அப்போதைக்குச் சமாளிப்பதும் சிக்கலை அடுத்த பதிப்புக்குத் தள்ளிவைக்குமே தவிரத் தீர்க்காது. எந்தக் கோப்பு ஒரு பெயரைப் பயன்படுத்துகிறதோ அந்தக் கோப்பிலேயே அதற்குரிய ஹெடரைச் சேர்த்துவிடுங்கள். அப்படித் திருத்திய நிரல் பழைய கம்பைலரிலும் கம்பைல் ஆகும், புதியதிலும் கம்பைல் ஆகும்.